அருவி குடியேறிய வீடு

நார்வே தேசத்தின் தலைநகரமான ஆஸ்லோவிலே, தை மாதத்து இரவொன்றில், உறைபனி மூடிய தெருவை விட்டு ஒரு சாமானியக் குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைகிற விருந்தாளி, தன் கனத்த மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து பேசத் தொடங்கிவிடுவான். அந்த வெதுவெதுப்பு எங்கிருந்து வருகிறதென்று அவன் தேடினால், எரியும் நெருப்போ, புகையோ, சாம்பலோ எதுவும் கண்ணில் படாமல், சாளரத்தின் அடியிலே சுவரோடு ஒட்டி நாலு விரற்கடை கனமுள்ள ஒரு வெள்ளைத் தகட்டுப் பெட்டி மாத்திரம் மௌனமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இதைத்தான் நாம் பேனல் ஹீட்டர் என்கிறோம். நார்வேக்காரர் அதைப் ‘பானெலோவ்ன்’ என்பார்கள். ‘ஓவ்ன்’ என்றால் அவர்கள் பாஷையில் அடுப்பு. ரொட்டி சுடுவதற்கும் அதே பெயர்தான், பாட்டன் காலத்து விறகடுப்புக்கும் அதே பெயர்தான். நெருப்பு போய்விட்ட பின்பும் அடுப்பு என்ற பெயர் மட்டும் சுவரில் தங்கிவிட்டது.

குளிர்ந்த தேசங்கள் பூமியிலே பல உண்டு. அவற்றில் சில நிலக்கரியை எரித்தன. சில எண்ணெயை எரித்தன. சில பூமிக்கடியில் குழாய் பதித்து எரிவாயுவை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. ஒரு தேசத்து ஜனங்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டுச் சூட்டை மின்சாரத்தின் பொறுப்பிலேயே விட்டுவிட்ட விந்தையை நார்வேயில் காண்பதுபோல வேறிடங்களில் காண்பது அரிது. இதற்குக் காரணம் குளிரின் கடுமை என்று எண்ணினால் தவறிவிடுவோம். மலையிலிருந்து விழுகிற நீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அந்நாட்டார் சட்டத்தின் மூலம் சொன்ன விடையும், அந்த நீரிலே பிறந்த சக்தியை அவர்கள் அளந்து விற்ற விதமுமே அந்தத் தகட்டைச் சுவரில் மாட்டின என்பது இச்சரித்திரத்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு விளங்கும்.

பழைய நார்வேயின் கிராமத்து வீடு ஒரே அறையாக இருந்தது. நடுத்தரையிலே கல் பரப்பி மூட்டிய தீயைச் சுற்றிக் குடும்பம் வாழ்ந்தது. புகை, கூரையின் உச்சியில் விட்டிருந்த ஒரு துவாரத்தின் வழியாகத் தன் இஷ்டப்படி வெளியேறியது. அதே துவாரத்தின் வழியாகத்தான் பகல் வெளிச்சமும் உள்ளே வந்தது. பிற்காலத்தில் சுவரோரம் கல்லடுப்பும் புகைபோக்கியும் வந்தன; பதினேழாம் நூற்றாண்டில் இரும்பு வார்ப்படச் சாலைகள் தோன்றியபோது வார்ப்பிரும்பு அடுப்புகள் வசதியுள்ளவர் வீடுகளில் குடிபுகுந்தன. 1657-இல் ஸ்தாபிக்கப்பட்ட உலேஃபோஸ் இரும்பாலையும், 1853-இல் தொடங்கிய யோட்டுல் கம்பெனியும் இன்றளவும் அடுப்பு வார்க்கும் பெயர்களாக நிலைத்திருக்கின்றன. ஆனால் எந்த அடுப்பானாலும் அதற்குப் பின்னால் ஓர் உழைப்பு இருந்தது: காட்டில் மரம் வெட்டுவது, பிளப்பது, ஒரு கோடை முழுதும் காயவைத்து அடுக்குவது, விடியுமுன் எழுந்து சாம்பல் அள்ளித் தீ மூட்டுவது. ஆகையால் எரிகிற அறை ஒன்று, மற்றவை யாவும் குளிர்ந்த அறைகள் என்பதே அந்நாளைய கிருக தர்மமாக இருந்தது.

மின்சாரத்தால் சூடு உண்டாக்கும் வித்தையை நார்வே கண்டுபிடிக்கவில்லை. கம்பி ஒன்றில் மின்னோட்டம் பாயும்போது அதில் எழும் வெப்பம், ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் கம்பியின் தடைக்கும் ஏற்றபடி பெருகும் என்று 1841-இல் ஜூல் என்ற ஆங்கில விஞ்ஞானி நிரூபித்தார். அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் இங்கிலாந்தில் குரோம்ப்டன் கம்பெனியார் கம்பிகளை எனாமலுக்குள் பதித்து வார்ப்பிரும்புத் தகடுகளில் ஒட்டிச் சூடேற்றிக் காட்டினார்கள். இன்றைய பேனல் ஹீட்டருக்கு அதுவே மூதாதை எனலாம். ஆனால் அக்காலத்துக் கம்பிகள் செந்தணலாகக் காய்ந்தால் காற்றுப்பட்டுக் கருகி அறுந்துபோயின. 1906-இல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகே, ஆயிரம் முறை சிவந்து ஆயிரம் முறை ஆறினாலும் சாகாத கம்பி உலகத்துக்குக் கிடைத்தது. 1931-இல் அண்டை நாடான ஸ்வீடனில் ஹான்ஸ் ஃபான் காண்ட்ஸோவ் என்பவர் இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றையும் சேர்த்து இயற்றிய ‘காந்தால்’ கம்பி அதற்கு ஒரு தோழனாக வந்தது.

கம்பி எல்லாத் தேசத்துக்கும் பொதுவாகிவிட்டது. எனினும் அதை ஓயாமல் காய்ச்சுவதற்கு எல்லாத் தேசத்துக்கும் வசதி வரவில்லை. நிலக்கரியை எரித்து, நீரை ஆவியாக்கி, ஆவியால் யந்திரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும் நாட்டிலே, எரித்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கம்பிக்கு வந்து சேர்கிறது. அந்த ஒரு பங்கை மறுபடியும் வெப்பமாக்குவதைக் காட்டிலும் கரியை வீட்டிலேயே எரித்துவிடுவது மேல் என்று எந்தக் குடும்பத் தலைவியும் கணக்குச் சொல்லிவிடுவாள். நார்வேயின் கணக்கு வேறு. அங்கே மின்சாரத்துக்காக எரிக்க வேண்டியது ஒன்றுமில்லை. உயரத்திலிருந்து விழும் நீரே மூலதனம். நானூறு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு டன் ஜலம் குழாய் வழியே இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றினால், வழியில் ஏற்படும் நஷ்டம் போக ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்றை ஒரு மணி நேரம் காய வைக்க அது போதும். இன்று ஒரு நார்வேக் குடும்பம் ஆண்டுக்குச் சராசரி 16,000 யூனிட் அளவில் செலவழிக்கிறது. அதில் பாதிக்கு மேல் வீட்டைச் சூடாக்கவே போகிறது. ஆகவே ஒரு வீட்டின் குளிர்காலத்துக்காக எங்கோ ஒரு மலைச்சரிவில் 8,000 டன்னுக்குக் குறையாத நீர் குதித்தாக வேண்டியிருக்கிறது.

இதிலே இயற்கை வைத்த ஒரு முரண்பாடும் உண்டு. நார்வேயின் மலைகளில் பனியுருகி வெள்ளம் பெருகுவது வசந்தத்திலும் கோடையிலும். மனிதருக்குச் சூடு வேண்டியிருப்பதோ, மலைநீர் யாவும் பனியாக இறுகிக் கிடக்கும் குளிர்காலத்திலே. ஆகையால் மலைமேலுள்ள ஏரிகளுக்கு அணை கட்டி, கோடைநீரைக் குளிர்காலத்துக்காகச் சேமிக்கும் வித்தையை அவர்கள் கைக்கொண்டார்கள். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட நீர்த்தேக்கங்கள் அங்கே உள்ளன. ஐரோப்பாவின் தேக்கச் சக்தியில் ஏறக்குறைய பாதி அந்தச் சிறு தேசத்தின் மலைகளில் இருக்கிறது.

மின்சாரம் அந்நாட்டில் வேரூன்றிய கதைக்கு வருவோம். வடகோடி நகரமாகிய ஹம்மர்ஃபெஸ்ட் 1891-இலேயே தன் தெருக்களுக்கு மின்விளக்கு ஏற்றியது. இரண்டு மாத காலம் சூரியனையே காணாத ஊருக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்ல வேண்டியதில்லை. மறு ஆண்டிலே, அப்போது கிறிஸ்டியானியா என்று வழங்கிய தலைநகரமும் நகரசபையின் மின்நிலையத்தை நிறுவிற்று. 1905-இல் ஸ்வீடனோடு இருந்த பிணைப்பு அறுந்து நார்வே தனி ராஜ்யமானபோது, அதே ஆண்டில், காற்றிலுள்ள நைட்ரஜனை மின்தீயால் பிடித்து உரமாக்கும் நோக்கத்தோடு சாம் ஐடே, கிறிஸ்டியான் பீர்க்கெலாண்ட் என்ற இருவரின் முயற்சியால், அந்நிய மூலதனத்தின் துணைகொண்டு, நோர்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி பிறந்தது. அது ருயூக்கான் பள்ளத்தாக்கில் எழுப்பிய வேமோர்க் மின்நிலையம் 1911-இல் இயங்கத் தொடங்கியபோது உலகத்திலேயே பெரியதாக விளங்கியது.

சுதந்திரம் வந்த கையோடு, தங்கள் அருவிகள் கைமாறிப் போகின்றன என்ற பயமும் ஜனங்களைப் பற்றிக்கொண்டது. அணைகட்டிப் பயன்படுத்திய அருவிகளில் பெரும்பகுதி அந்நிய முதலாளிகளின் வசத்தில் இருந்ததால், 1906-இல் அவசர அவசரமாக ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ‘திகில் சட்டம்’ என்றே ஊரார் அதற்குப் பெயரிட்டார்கள். நியாய மந்திரியாக இருந்த யோஹான் காஸ்ட்பெர்க்கும் பிரதமராக இருந்த குன்னர் க்னுட்சனும் முன்னின்று 1909-இல் செய்த சட்டமும், பின்னர் 1917-இல் வந்த சட்டமும் ஒரு பெரிய தத்துவத்தை நிலைநாட்டின: தனியார் அருவியை அனுபவிக்கலாம், ஆனால் அறுபது முதல் எண்பது ஆண்டுகள் கழிந்ததும் அருவியும் அணையும் யந்திரமும் விலையின்றி ராஜாங்கத்துக்குத் திரும்பிவிட வேண்டும். குத்தகைக் காலம் முடிந்த நிலம் உடையவனிடம் மீள்வது போல, நீர் ஜனங்களிடம் மீள வேண்டும் என்பதே இதன் சாரம். இது சொத்துரிமைக்கு விரோதமென்று தொடுத்த வழக்கை 1918-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மிகச் சொற்ப வித்தியாசத்திலேதான் தள்ளுபடி செய்தது. ஒரு வாக்கு மாறியிருந்தால் நார்வேயின் வரவேற்பறைகள் வேறு விதமாகச் சூடேறியிருக்கக்கூடும்.

இனி, அளந்து விற்ற விதத்துக்கு வருவோம். இச்சரித்திரத்தின் ருசியான பகுதி இதுவே. முதல் மகாயுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளிலே அநேக நகரசபைகளும் கிராமசபைகளும் பெருங்கடன் வாங்கி மின்நிலையங்கள் கட்டின; யுத்தம் முடிந்து தொழில்கள் சுருங்கியபோது, ஓடிக்கொண்டிருந்த நீரும் சுழன்றுகொண்டிருந்த சக்கரமும் வாங்குவோரின்றி வீணாயின. அக்காலத்தில் வீடுகளுக்கு யூனிட் கணக்கில் விற்பதைவிட, ‘இத்தனை வாட்’ என்று பேசி ஆண்டுக்கு ஒரு தொகை வசூலிப்பதே பரவலான வழக்கமாக இருந்தது. ஒரு குடும்பம் ஐந்நூறு வாட் என்று ஒப்பந்தம் செய்துகொண்டால், அந்த ஐந்நூறு வாட்டை இரவும் பகலும் அனுபவித்தாலும், ஒரு விளக்கை மட்டும் ஏற்றி மீதியை வீணடித்தாலும் கட்ட வேண்டிய பணம் ஒன்றே. வரம்பு மீறினால் தண்டிப்பதற்கு வீட்டுக்குள் ஒரு சிறு கருவி இருந்தது. அதை ‘வீப்பே’ என்றார்கள், ஏற்றப்பலகை போல ஆடுவது என்று பொருள். ஏதேனும் ஒரு சாமானைக் கூடுதலாக மாட்டிவிட்டால், அந்தக் கருவி மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடும். வீட்டு விளக்குகளெல்லாம் கண் சிமிட்டத் தொடங்கும். எதையாவது அணைத்தால்தான் அந்தச் சிமிட்டல் நிற்கும்.

இந்த ஏற்பாட்டில் சிக்கனம் என்பது விபரீதமான அர்த்தம் பெற்றுவிட்டது. விளக்கை அணைப்பது சிக்கனமன்று, பணம் கொடுத்த பண்டத்தைத் தெருவில் கொட்டுவது. இரவு பதினொரு மணிக்குச் சமையலும் விளக்கும் ஓய்ந்த பின், மிஞ்சிய வாட்டுகளை என்ன செய்வது? வெந்நீர்த் தொட்டியைச் சூடேற்றலாம். கனத்த இரும்புக் கட்டியில் வெப்பத்தைச் சேமித்துக் காலையில் சமைக்க உதவும் அடுப்பை வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மிஞ்சினால் சுவரோரத்தில் ஒரு மின்னடுப்பை மாட்டி அறையைச் சூடாக்கலாம். நீரையும் சூட்டையும் நாள் முழுதும் நிதானமாகச் செலவழிக்கும் பழக்கம் இவ்வாறு குடும்பங்களில் வேரூன்றியது. இரண்டாம் யுத்தத்துக்குப் பின் வந்த முறையிலே, சமையலறைச் சுவரில் வாட்டைக் காட்டும் முள்ளோடு ஒரு கடிகார வடிவக் கருவி வந்தது. பேசிய அளவுக்கு மேல் முள் போனால் மேலதிகக் கட்டணம். பால் பொங்குகிறதா என்று ஒரு கண்ணும், முள் ஏறுகிறதா என்று ஒரு கண்ணுமாக நின்ற தாய்மாரை அந்நாட்டு முதியோர் இன்றும் நினைவுகூர்வார்கள்.

அதே காலத்தில் ஹீட்டர் செய்யும் தொழிலும் உள்நாட்டிலேயே வளர்ந்தது. 1918-இல் ட்ரோன்ஹைம் நகரில் உலோகச் சாமான் பட்டறையாகத் தொடங்கிய நோபோவும், 1948-இல் ஸ்வெல்விக் என்ற கடலோரச் சிற்றூரில் எழுந்த அடாக்ஸும் இத்தொழிலில் பேர்போனவை. அவர்கள் செய்த பொருளின் தத்துவம் எளியது. தகட்டுப் பெட்டியின் அடியிலே திறப்பு; நடுவே காயும் கம்பி; மேலே வரிவரியாகச் சந்துகள். சூடேறிய காற்று இலேசாகி மேலெழும்ப, தரையோரத்துக் குளிர்காற்று அடித்திறப்பின் வழியே தானாக உள்ளே இழுக்கப்படும். விசிறியில்லாமல், ஓசையில்லாமல், அறை முழுவதும் காற்று ஒரு சக்கரமாகச் சுழலும். அதைச் சாளரத்தின் கீழேயே மாட்டுவதற்கும் காரணமுண்டு: கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று கனத்துச் சரிந்து கால்மாட்டுக்கு இறங்கும் முன், ஹீட்டரிலிருந்து எழும் வெப்பச் சுருள் அதை எதிர்கொண்டு தடுத்துவிடுகிறது. இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்று, சூடேறும்போது வளைந்து மின்னோட்டத்தை நிறுத்தும். ஆறும்போது நிமிர்ந்து மறுபடி விடும். காலையில் எழுந்து தீ மூட்டும் வேலைக்காரனாக அந்தப் பட்டை அமைந்தது. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் ‘மூடலாகாது’ என்ற எச்சரிக்கை மட்டும் பொறித்திருக்கும். ஈரக் காலுறையைக் காயப்போட அதைவிடச் சௌகரியமான இடம் வேறில்லை என்று தோன்றுவதால் அந்த எச்சரிக்கை அவசியமாயிற்று.

அறுபதுகளில் மண்ணெண்ணெயும் உலை எண்ணெயும் மலிவாகி மின்சாரத்தோடு போட்டியிட்டன. 1973-இல் எண்ணெய் விலை திடீரென்று ஏறியபோது அந்தப் போட்டி முடிந்தது. வடகடலில் 1969-இலேயே சொந்த எண்ணெய் கண்டிருந்த நாடு, அதை விற்றுவிட்டு, தன் வீட்டை அருவியால் சூடாக்கிக்கொள்ளத் தீர்மானித்தது. பின்வந்த ஆண்டுகளில் கட்டிய வீடுகள் பலவற்றில் அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களே போடப்படவில்லை. அடுக்குமாடிகள் பலவற்றில் புகைபோக்கியும் இல்லை. அறைக்கொரு மின்செருகியும் தகடும் போதும் என்றால், கட்டுபவனுக்குச் செலவு மிச்சம், குடியிருப்பவனுக்கு வேலை மிச்சம். வேறு வழி திறந்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மௌனமான சூட்டுக்கு வேறோரிடத்தில் விலை கொடுக்கப்பட்டது. 1970-இல் மார்டோலா அருவியைக் காக்க மலையிலே மறியல் நடந்தபோது, தத்துவப் பேராசிரியரான ஆர்னே நெஸ்ஸும் அதில் கலந்துகொண்டார். அதைவிடப் பெரியது ஆல்டா நதி விவகாரம். வடக்கே கலைமான் மேய்த்து வாழும் சாமி மக்களின் மாசி என்ற கிராமத்தையே மூழ்கடிக்கும்படி முதலில் வகுத்திருந்த அணைத் திட்டம், எதிர்ப்பினால் சுருக்கப்பட்டது. சுருக்கிய திட்டத்தையும் எதிர்த்து 1979-இல் தலைநகரில் நாடாளுமன்றத்தின் எதிரே சாமி இளைஞர்கள் உண்ணாவிரதமிருந்தார்கள். 1981-இன் தொடக்கத்தில், கடுங்குளிரிலே, நூற்றுக்கணக்கான போலீசார் வந்து மறியல்காரரைத் தூக்கி அகற்றினார்கள். அணை எழுந்தது. ஆயினும் அந்தப் போராட்டம் எழுப்பிய கேள்வியின் பலனாக 1989-இல் சாமி மக்களுக்கென்று ஒரு மன்றம் ஏற்பட்டது. நீர் ஜனங்களுடையது என்ற பழைய சட்டம், எந்த ஜனங்களுடையது என்று சொல்லாமல் விட்டிருந்ததை ஆல்டா நினைவூட்டியது.

வீட்டுக்குள்ளோ, தலைமுறைப் பழக்கம் நாகரிகமாகவே ஆகிவிட்டது. ஹரால்ட் வில்ஹைட் என்ற மானிடவியலாளரும் அவருடைய சகாக்களும் 1996-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில் ஆஸ்லோவையும் ஜப்பானின் ஃபுக்குவோக்காவையும் ஒப்பிட்டார்கள். ஜப்பானியக் குடும்பம் மேசைக்கடியில் சிறு கணப்பை வைத்து, கம்பளத்தைக் காலில் போர்த்தி, மனிதரை மட்டும் சூடாக்கிக்கொள்கிறது. ஆஸ்லோக் குடும்பமோ அறைகளையெல்லாம் சூடாக்கி, மூலைக்கு மூலை விளக்கேற்றி வைக்கிறது. விருந்தினர் வரும்போது வீடு குளிர்ந்திருப்பது அங்கே ஒரு மரியாதைக் குறைவு.

அந்த மரியாதையை நம்மவரும் அனுபவித்திருக்கிறார்கள். 1956-இல் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தோனி இராஜேந்திரம் நார்வே சென்று சேர்ந்தார். அங்கே கால்வைத்த முதல் தமிழர் என்று அவரைச் சொல்வார்கள். எண்பதுகளில் ஈழத்துத் தமிழர் பலர் வடகோடிப் பிரதேசமான ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கமர்ந்தார்கள். வெக்கையை வெளியேற்றவென்றே முற்றமும் திண்ணையும் வைத்துக் கட்டிய வீடுகளில் பிறந்தவர்கள், வெப்பத்தைத் தப்பவிடாமல் அடைத்துக் கட்டிய வீடுகளில், சாளரத்தடித் தகட்டின் பக்கத்தில் கையை நீட்டி உட்காரக் கற்றுக்கொண்டார்கள்.

1990-இல் இயற்றி மறு ஆண்டு அமலுக்கு வந்த எரிசக்திச் சட்டம், மின்சாரத்தைச் சந்தைப் பண்டமாக்கியது. 2002-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மழை பொய்த்து ஏரிகள் வற்றியபோது, அந்தக் குளிர்காலத்தின் கட்டணச் சீட்டு வீடுகளை அதிரவைத்தது. காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்து, செலவழித்த மின்சாரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு சூடு தரும் வெப்பப் பம்புகளை ஜனங்கள் அப்போதுதான் திரளாக வாங்கத் தொடங்கினார்கள். 2020 முதல் கட்டடங்களைச் சூடாக்கக் கனிம எண்ணெய் எரிப்பதே தடைசெய்யப்பட்டதால், பழைய போட்டியாளனும் விடைபெற்றான். 2021-இல் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் கடலடியில் 1,400 மெகாவாட் வீதம் இரு கேபிள்கள் இயங்கத் தொடங்கின; அதே ஆண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியபோது, தெற்கு நார்வேயின் ஹீட்டரும் அந்த விலைக்கே காய வேண்டியதாயிற்று. நம் மலையில் நம் மழை பெய்து நம் சட்டத்தால் காத்த நீருக்கு ஊரார் விலையா என்று எழுந்த கோபத்துக்கு ராஜாங்கம் பணிந்தது; யூனிட்டுக்கு 70 ஓரேக்கு (ஓரே அந்நாட்டுச் சில்லறைக் காசு) மேற்போகும் விலையில் பெரும்பங்கை, பின்னர் தொண்ணூறு சதவீதம் வரை, தானே ஏற்றது. 2025 அக்டோபர் முதல், வரி நீங்கலாக 40 ஓரே என்ற நிலையான விலையையும் விரும்புவோருக்கு அளித்தது.

இதற்கிடையே 2022-இல், மின்சாரத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பிக்கான வாடகையின் கணக்கும் மாறியது. எத்தனை யூனிட் செலவாயிற்று என்பதோடு, ஒரே மணி நேரத்தில் எவ்வளவு அதிகம் இழுத்தீர்கள் என்பதற்கும் இப்போது தனிக் கட்டணம். அடுப்பும் ஹீட்டரும் மோட்டார் வண்டியின் பாட்டரியும் ஒரே வேளையில் வேலை செய்யாதபடி பார்த்துக்கொள்ளும் இன்றைய இளம் குடித்தனக்காரர், பாட்டி வீட்டுச் சமையலறையில் முள்ளைக் கண்காணித்த அதே காவலுக்குத் திரும்பியிருக்கிறார். முள் இருந்த இடத்தில் கைபேசி இருக்கிறது, அவ்வளவே. நிலையான விலையோ, எவ்வளவு காய்ந்தாலும் யூனிட் விலை ஏறாது என்ற பழைய நிம்மதியின் சாயலைக் கொண்டிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், அளப்பதா கொடுப்பதா என்ற பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்திருக்கிறது.

நார்வேயின் நீர்வள இயக்குநரகம் வாரந்தோறும் தேசத்து நீர்த்தேக்கங்கள் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கின்றன என்று வெளியிடுகிறது. பத்திரிகைகள் அதை அச்சிடுகின்றன. குளிர்காலம் நெருங்கும்போது குடும்பத்தார் அதைக் கவலையோடு படிக்கிறார்கள். தஞ்சாவூரிலே பொழுது விடிந்ததும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தினசரியில் தேடிப் படிக்கிற மிராசுதாருக்கு அந்தக் கவலையை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இவர் பார்ப்பது நாற்றங்காலுக்கு வரும் நீரை. அவர் பார்ப்பது சாளரத்தடியில் காயப்போகும் நீரை.